இயங்க மறுக்கும் பழைய கணினி: கோப்புகளை இழக்காமல் பழுது நீக்கும் முறை

பல ஆண்டுகள் உழைத்த மேசைக் கணினி ஒருநாள் இயங்க மறுத்துவிட்டால், பழுதுக்கு ஆகும் செலவைவிட உள்ளே இருக்கும் குடும்பப் படங்களும் கடைக் கணக்குகளும் என்ன ஆகுமோ என்ற கவலைதான் முதலில் எழும். அந்தக் கவலைக்குப் பல நேரங்களில் காரணமே இருப்பதில்லை. கணினியை முடக்கும் பழுதுகளில் பெரும்பகுதி மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ், தற்காலிக நினைவகமான ராம், உறுப்புகளை இணைக்கும் முதன்மைப் பலகையான மதர்போர்டு, அதன் மேலுள்ள சிறு பேட்டரி, அல்லது விண்டோஸின் தொடக்கக் கோப்புகள் ஆகியவற்றைச் சார்ந்தது. உங்கள் கோப்புகள் இருப்பதோ ஹார்டு டிஸ்க்கில். அதைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்தால் பெரும்பாலும் அப்படியே படிக்கலாம். ஆனால், நல்ல நிலையில் இருந்த கோப்புகள் அவசரமாகச் செய்யப்பட்ட பழுதுபார்ப்பில் அழிந்துபோவது நம் ஊர்களில் அடிக்கடி நடக்கிறது. ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே வரிசையைப் பின்பற்றுகிறது: முதலில் கோப்புகளைப் படியெடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும், அதன் பிறகே கணினியில் கை வைக்க வேண்டும்.

இங்கே சொல்லப்படுபவை விண்டோஸ் எக்ஸ்பி அல்லது விண்டோஸ் 7 நிறுவப்பட்ட, சுமார் 2006 முதல் 2014 வரை வாங்கப்பட்ட மேசைக் கணினிகளை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. மடிக்கணினிக்கு வேறுபடும் இடங்களை ஆங்காங்கே குறிப்பிட்டிருக்கிறேன்.

எதையும் தொடங்கும் முன்

பவர் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்ப்பதை நிறுத்துங்கள். பழுது ஹார்டு டிஸ்க்கிலேயே இருந்தால், ஒவ்வொரு முறை மின்சாரம் பாயும்போதும் சேதம் கூடக்கூடும்.

யாராவது ‘சி டிரைவை மட்டும் ஃபார்மேட் செய்தால் போதும், டி டிரைவில் இருப்பது அப்படியே இருக்கும்’ என்று சொன்னால் உடனே ஒப்புக்கொள்ளாதீர்கள். டெஸ்க்டாப்பில் நீங்கள் வைத்திருக்கும் கோப்புகளும், மை டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் ஆகிய கோப்புறைகளில் உள்ளவையும், நீங்களாக இடம் மாற்றி வைக்காதவரை, சி டிரைவில்தான் இருக்கின்றன. இதை அறியாமல் ஃபார்மேட் செய்யச் சம்மதித்துப் பல ஆண்டுப் படங்களைப் பறிகொடுத்தவர்கள் ஏராளம். நிறுவனங்கள் விற்ற கணினிகள் சிலவற்றில், தொடங்கும்போது ஒரு விசையை அழுத்தினால் கணினியை வாங்கிய நாளில் இருந்த நிலைக்குத் திருப்பும் ரீகவரி வசதி உண்டு. அதுவும் பொதுவாக உங்கள் கோப்புகளை அழித்துவிட்டுத்தான் அந்த நிலைக்குத் திருப்பும்.

முதல் படி: கணினி எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டறிதல்

மின்சாரத்தை ஒரே ஒரு முறை கொடுத்து, நடப்பதைக் கவனமாகப் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். யுபிஎஸ் இருந்தால் அதைத் தவிர்த்து நேராகச் சுவர் பிளக்கில் இணையுங்கள். யுபிஎஸ் பேட்டரி செத்துப்போனதையே கணினிப் பழுதாக எண்ணிவிடுவது உண்டு.

விளக்கும் எரியாமல் மின்விசிறியும் சுழலாமல் இருந்தால் குறை மின்வழங்கலில் இருக்கிறது. விசிறி சுழன்றும் திரையில் எதுவும் வரவில்லை என்றால் ராம், டிஸ்ப்ளே கார்டு, மதர்போர்டு ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். இந்த நிலையில் விசைப்பலகையிலுள்ள ‘நம் லாக்’ (Num Lock) விசையை அழுத்திப் பாருங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் மதர்போர்டு உயிரோடு இருக்கிறது, கோளாறு மானிட்டரிலோ அதன் கேபிளிலோ டிஸ்ப்ளே கார்டிலோ இருக்கலாம் என்று பொருள். தனி டிஸ்ப்ளே கார்டு உள்ள கணினியில் மானிட்டர் கேபிளை மதர்போர்டின் துளையில் செருகிவிட்டாலும் திரை கறுப்பாகவே இருக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். நிறுவனத்தின் சின்னமோ, விண்டோஸுக்கு முன் இயங்கும் அடிப்படை மென்பொருளான பயாஸின் எழுத்துகளோ வந்த பிறகு, இயக்கத் தளத்தைக் காணோம் என்ற செய்தியுடன் நின்றால் ஹார்டு டிஸ்க், அதன் கேபிள், அல்லது பயாஸ் அமைப்பு காரணமாக இருக்கலாம். விண்டோஸ் சின்னம் வரை வந்து நீலத்திரை காட்டி மீண்டும் மீண்டும் தொடங்கினால் விண்டோஸின் கோப்புகளோ பயாஸ் அமைப்போ பழுதாகியிருக்கலாம்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான சோதனை காதால் செய்வது. ஹார்டு டிஸ்க்கிலிருந்து ‘டிக், டிக்’ என்று சீரான இடைவெளியில் தட்டும் ஒலியோ, உரசும் ஒலியோ கேட்டால் அந்த நொடியே மின்சாரத்தைத் துண்டித்துவிடுங்கள். அத்தகைய டிஸ்க்கைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

இரண்டாம் படி: ஹார்டு டிஸ்க்கை வெளியே எடுத்தல்

கணினியின் பின்புறமுள்ள மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் வடிவதற்காகப் பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள். கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிய பிறகு, வண்ணம் பூசப்படாத உலோகப் பகுதி ஒன்றைக் கையால் தொடுங்கள். உடலில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் இதனால் வெளியேறும். எந்தக் கம்பியையும் கழற்றுவதற்கு முன் உள்பகுதியைக் கைப்பேசியில் நாலைந்து கோணங்களில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது இந்தப் படங்கள் பெரிதும் உதவும்.

ஹார்டு டிஸ்க்கில் இரண்டு கேபிள்கள் இணைந்திருக்கும்: ஒன்று மின்சாரத்துக்கு, மற்றொன்று தரவுக்கு. தரவுக் கேபிள் ஒரு விரல் அகலம்கூட இல்லாமல் ஒல்லியாக இருந்தால் அது சாட்டா வகை. பட்டையான நாடா போலவும் முனையில் இரண்டு வரிசைத் துளைகளோடும் இருந்தால் அதற்கு முந்தைய ஐடிஇ வகை. கேபிள்களை நேராக இழுத்துக் கழற்றி, இருபுறமும் உள்ள திருகுகளை நீக்கி, டிஸ்க்கைக் கீழே போடாமல் மெதுவாக உருவி எடுங்கள்.

கணினியைக் கடைக்குக் கொடுப்பதாக இருந்தாலும் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டே கொடுங்கள் என்பது என் உறுதியான பரிந்துரை. எஸ்எம்பிஎஸ், ராம், மதர்போர்டு ஆகியவற்றைச் சோதிக்கவோ மாற்றவோ ஹார்டு டிஸ்க் தேவையே இல்லை. அது இல்லாமலேயே பயாஸ் திரை வரை கணினி வந்துவிடும்.

மூன்றாம் படி: கோப்புகளைப் படியெடுத்தல்

இதற்கு நன்றாக இயங்கும் வேறொரு கணினியும், டிஸ்க்கின் வகைக்கு ஏற்ற யுஎஸ்பி அடாப்டரும், கோப்புகள் அனைத்தும் கொள்ளும் அளவுள்ள வெளிப்புற டிஸ்க்கும் வேண்டும். மடிக்கணினியின் 2.5 அங்குல சாட்டா டிஸ்க் யுஎஸ்பி வழியே வரும் 5 வோல்ட் மின்சாரத்திலேயே இயங்கும். மேசைக் கணினியின் 3.5 அங்குல டிஸ்க்குக்கு 12 வோல்ட்டும் தேவைப்படுவதால், தனி மின் அடாப்டரோடு வரும் டாக் என்னும் இணைப்புப் பெட்டியையே வாங்க வேண்டும். மலிவான சிறு கேபிளில் பெரிய டிஸ்க்கை மாட்டிவிட்டு, அது சுழலாததைப் பார்த்து டிஸ்க்கே போய்விட்டது என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

டிஸ்க்கை இணைத்ததும் விண்டோஸ் சில கேள்விகளைக் கேட்கலாம். டிஸ்க்கை ஃபார்மேட் செய்ய வேண்டும் என்றோ, இனிஷியலைஸ் செய்யலாமா என்றோ, ஸ்கேன் செய்து சரிசெய்யலாமா என்றோ கேட்டால், எல்லாவற்றுக்கும் ‘கேன்சல்’ என்பதே பதில். செக் டிஸ்க் என்னும் விண்டோஸ் கருவி கோப்பு அமைப்பைச் சீராக்குவதற்காக டிஸ்க்கில் எழுதும். அந்த முயற்சியில் அறுபட்ட கோப்புகளைத் துண்டுகளாக்கியும் விடலாம். படியெடுத்து முடியும் வரை பழைய டிஸ்க்கில் எதையும் எழுதக் கூடாது.

அடுத்து டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். ‘கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்னும் இலவச மென்பொருள், ஸ்மார்ட் எனப்படும் சுயபதிவுகளைக் காட்டும். அதில் மூன்று எண்ணிக்கைகள் முக்கியமானவை: பழுதானதால் வேறிடத்துக்கு மாற்றப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கில் தரவு பதியும் சிறு பகுதிகள்), படிக்க முடியாமல் நிலுவையில் உள்ள செக்டர்கள், சரிசெய்ய இயலாத செக்டர்கள். மூன்றும் சுழியாக இருந்தால் நிம்மதியாகத் தொடரலாம். நிலுவை எண்ணிக்கை சுழியைவிடக் கூடுதலாக இருந்தால், ஈடுசெய்ய முடியாதவற்றை மட்டும் முதலில் எடுங்கள். பாடல்களையும் திரைப்படங்களையும் மறந்துவிடுங்கள்.

எங்கே தேடுவது? விண்டோஸ் 7 டிஸ்க்கில் ‘யூசர்ஸ்’ என்னும் கோப்புறைக்குள் உங்கள் பெயரிலும், எக்ஸ்பி டிஸ்க்கில் ‘டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்’ கோப்புறைக்குள் உங்கள் பெயரிலும் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் முதலியவை இருக்கும். திறக்க அனுமதி இல்லை என்று சொன்னால் ‘கன்டினியூ’ என்பதை அழுத்தலாம். விண்டோஸ் கடவுச்சொல் மட்டும் போடப்பட்ட கோப்புகள் இதில் திறந்துவிடும். டிஸ்க் முழுவதும் பிட்லாக்கர் என்னும் விண்டோஸ் மறையாக்க வசதியால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண் தேவைப்படும். விண்டோஸ் 10 கணினிகளில் பல நேரம் அது உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும்.

பலரும் மறந்துவிடும் சில இடங்கள் உண்டு. டாலி என்னும் கணக்கு மென்பொருளில் எழுதிய கணக்குகள் பொதுவாக டாக்குமென்ட்ஸில் இருப்பதில்லை; டாலி நிறுவப்பட்ட கோப்புறைக்குள் ‘டேட்டா’ என்னும் கோப்புறையில், எண்களையே பெயராகக் கொண்ட உட்கோப்புறைகளில் இருக்கும். டேட்டா கோப்புறையை முழுமையாக எடுத்துக்கொள்ள வேண்டும். அவுட்லுக் 2007 அல்லது அதற்கு முந்தைய பதிப்பில் மின்னஞ்சல்கள் மறைக்கப்பட்ட கோப்புறை ஒன்றுக்குள் இருப்பதால், மறைக்கப்பட்டவற்றைக் காட்டும்படி விண்டோஸ் அமைப்பை மாற்றிவிட்டுத் தேட வேண்டும்.

தமிழில் தட்டச்சு செய்தவர்கள் கட்டாயம் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. யூனிகோடு பரவுவதற்கு முன்னும், அதன் பின் பல ஆண்டுகள் வரையிலும், பாமினி, வானவில் அவ்வையார் போன்ற எழுத்துருக்களில்தான் ஆவணங்கள் பெருமளவில் உருவாக்கப்பட்டன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், அதே ஆவணம் பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் தோன்றும். கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி அதை அழித்துவிடுபவர்களும் உண்டு. ஆகையால் பழைய டிஸ்க்கின் ‘விண்டோஸ்’ கோப்புறைக்குள் இருக்கும் ‘ஃபான்ட்ஸ்’ கோப்புறையை முழுவதுமாகப் படியெடுத்துவிடுங்கள். அளவில் சிறியதானாலும், கோயில் மலர், குடும்ப வரலாறு, மாணவர் ஆய்வேடு என்று மீண்டும் தட்டச்சு செய்ய முடியாத பலவற்றைப் படிக்கும் திறவுகோல் அதுவே. எழுத்துரு கையில் இருந்தால், பிறகு நிதானமாக யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

குரோம் போன்ற உலாவிகளில் சேமித்த கடவுச்சொற்கள் மட்டும் இந்த வழியில் கிடைப்பதில்லை; அவை அந்த விண்டோஸ் பயனர் கணக்கோடு பிணைத்து மறையாக்கம் செய்யப்பட்டவை. அவை தேவைப்பட்டால் பழைய விண்டோஸையே மீண்டும் இயங்கச் செய்ய வேண்டியிருக்கும். பழைய டிஸ்க்கை அழிக்காமல் வைத்திருக்கும்படி கடைசியில் சொல்லப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

படியெடுக்கும்போது டிரைவ் முழுவதையும் ஒரே வீச்சில் இழுத்துப் போடாமல், கோப்புறை கோப்புறையாக எடுங்கள். எங்கே தடுமாறுகிறது என்பது தெரியும். யுஎஸ்பி 2.0 துளையில் நொடிக்குச் சுமார் 30 மெகாபைட் வேகமே கிடைக்கும் என்பதால், 100 ஜிகாபைட்டுக்கு ஒரு மணி நேரம் ஆவது இயல்பு. ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்யப்பட்ட பென்டிரைவ் 4 ஜிகாபைட்டைவிடப் பெரிய கோப்பை ஏற்காது. திருமண வீடியோக்கள் இந்த இடத்தில்தான் நின்றுவிடும். புதிய, வெறுமையான பென்டிரைவாக இருந்தால் எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றிவிட்டுப் பயன்படுத்துங்கள். முடிந்ததும் இரு பக்கங்களிலும் கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிட்டு, சில படங்களையும் ஆவணங்களையும் திறந்து பாருங்கள். அதன் பின் வேறொரு சாதனத்தில் இரண்டாவது நகல் ஒன்றும் எடுத்து வையுங்கள்.

யுஎஸ்பி அடாப்டர் கிடைக்காமல், கணினி பயாஸ் திரை வரை சீராக வருகிறது என்றால், விண்டோஸுக்கு மாற்றான இலவச இயக்கத் தளமான லினக்ஸின் வகைகளில், லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றைப் பென்டிரைவிலிருந்தே இயக்கலாம். நண்பரின் கணினியில் ரூஃபஸ் என்னும் மென்பொருளால் அந்தப் பென்டிரைவைத் தயாரிக்க வேண்டும். அதில் முன்பு இருந்தவை எல்லாம் அழிந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். கணினி தொடங்கும்போது, தயாரித்த நிறுவனத்துக்கு ஏற்ப எஃப்12, எஃப்9, எஃப்8 அல்லது எஸ்கேப் விசையை அழுத்தினால் எதிலிருந்து தொடங்குவது என்ற பட்டியல் வரும். லினக்ஸ் முகப்பில் காணப்படும் ‘இன்ஸ்டால்’ படவுருவை எக்காரணம் கொண்டும் அழுத்தாதீர்கள். 32 பிட் மட்டுமே ஏற்கும் மிகப் பழைய கணினிக்கு ஆன்டிஎக்ஸ் என்னும் லினக்ஸ் வகையின் 32 பிட் பதிப்பு பொருத்தமானது. உபுண்டு என்னும் மற்றொரு லினக்ஸ் வகை தன் 32 பிட் டெஸ்க்டாப் நிறுவல் பதிப்பை 17.10 முதலே நிறுத்திவிட்டது.

தட்டும் ஒலி எழுப்பும் டிஸ்க்

டிஸ்க்கின் உள்ளே தகட்டுக்கும் படிக்கும் தலைக்கும் இடையிலுள்ள இடைவெளி சில நானோமீட்டர்தான். தலை சேதமடைந்த நிலையில் டிஸ்க்கைச் சுழலவிட்டால் அது தகட்டின் மேற்பரப்பையே சுரண்டிவிடும். சுரண்டப்பட்ட இடத்தில் இருந்ததை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. ஃபிரீசரில் வைப்பது, தட்டிப் பார்ப்பது, மூடியைத் திறப்பது ஆகிய மூன்று கைவைத்தியங்களும் நிலைமையை மோசமாக்கும். அதே மாதிரி டிஸ்க் ஒன்றின் சர்க்யூட் பலகையைக் கழற்றி மாட்டினால் சரியாகிவிடும் என்பதும் பெரும்பாலும் பலிக்காது. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய அளவீடுகள் அதன் பலகையிலுள்ள சிப்பில் பதிந்திருப்பதால், அந்தச் சிப்பையும் மாற்றிப் பற்றவைக்க வேண்டும். கோப்புகளின் மதிப்பு பெரிதென்றால், தூசியற்ற அறை வசதி உள்ள தரவு மீட்பு நிலையத்துக்கு நேராக எடுத்துச் செல்லுங்கள். செலவு கூடுதல்தான், ஆனால் முன்னமே பலர் கைபட்ட டிஸ்க்கில் வெற்றி வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

ஒலி இல்லாமல், படிக்கும்போது மட்டும் இடையிடையே தடுமாறும் டிஸ்க்குக்கு டிடிரெஸ்கியூ என்னும் லினக்ஸ் கருவி இருக்கிறது. அது முதலில் எளிதாகப் படிக்க முடிந்த பகுதிகளை எல்லாம் புதிய டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, கடினமான இடங்களைக் குறித்துவைத்துக்கொண்டு, கடைசியில்தான் அவற்றுக்குத் திரும்பும். மூலம் எது, இலக்கு எது என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டால் அனைத்தும் அழிந்துபோகும் ஆதலால், லினக்ஸ் பழக்கமுள்ளவரை உடன் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

நான்காம் படி: கணினியைப் பழுதுபார்த்தல்

இப்போது கோப்புகள் பத்திரமாக இருக்கின்றன, துணிவோடு தொடரலாம். ஹார்டு டிஸ்க்கை இன்னும் மாட்ட வேண்டாம்.

மின்சாரமே வராத கணினியில், எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புறமுள்ள சிறு சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்றும், 115, 230 என்ற இரு நிலைகள் கொண்ட தேர்வுக் குமிழ் இருந்தால் அது 230இல் நிற்கிறதா என்றும் பாருங்கள். அடுத்து, பவர் பட்டனே தேய்ந்திருக்கலாம். மதர்போர்டில் பவர் பட்டனின் சிறு இணைப்பைக் கழற்றிவிட்டு, அதே முட்களில் ரீசெட் பட்டனின் இணைப்பைச் செருகி அழுத்திப் பார்க்கலாம். அப்போதும் உயிர் வராவிட்டால் நன்றாக இயங்கும் வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிப் பார்ப்பதே புதியவர்களுக்கு ஏற்ற சோதனை. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். அதன் கெப்பாசிட்டர்களில், மின்கம்பியைப் பிடுங்கிய பிறகும், 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும்.

திரை வராத கணினியில் ராமிலிருந்து தொடங்குங்கள். இருபக்கக் கொக்கிகளையும் விலக்கி ராமை எடுத்து, அதன் பொன்னிற முனைகளை வெள்ளை அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்துவிட்டு, கொக்கிகள் ‘கிளிக்’ என்று தாமாகப் பூட்டும் வரை அழுத்திச் செருகுங்கள். இரண்டு ராம்கள் இருந்தால் ஒவ்வொன்றாக, வெவ்வேறு துளைகளில் வைத்துச் சோதியுங்கள். கோடைப் புழுக்கமும் கடற்கரைக் காற்றும் உள்ள ஊர்களில் இந்த ஒரு வேலையிலேயே பல கணினிகள் எழுந்துவிடுகின்றன. ஒலிப்பானில் கேட்கும் குறிகளும் உதவும்: அவார்டு பயாஸ் உள்ள பலகையில் ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலிகளும் டிஸ்ப்ளே கார்டைச் சுட்டும். பிற பயாஸ்களில் பொருள் மாறும் ஆகையால், பலகையின் கையேட்டைப் பாருங்கள்.

மதர்போர்டில் பிராசசரைச் சுற்றி நிற்கும் உருளை வடிவக் கெப்பாசிட்டர்களின் தலைப்பகுதி தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பு நிறக் கசிவு தெரிந்தாலோ பழுது அங்கேதான். 2000களின் முற்பகுதியில் தயாரான பலகைகளில் குறைபாடுள்ள கெப்பாசிட்டர்கள் உலகெங்கும் பரவியிருந்தன. பற்றவைப்பதில் தேர்ந்தவர் அவற்றை மாற்றித் தர முடியும். சில நிமிடங்கள் இயங்கித் தானாக அணைந்தால், பிராசசர் விசிறியின் தூசியை நீக்கி, அதனடியில் வெப்பம் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருந்தால் புதுப்பியுங்கள்.

நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரிக்குத் தனிக் கவனம் தேவை. 3 வோல்ட் தரும் இந்தப் பேட்டரி தீர்ந்தால், கணினி ஒவ்வொரு முறையும் தேதியை மறந்து, செக்சம் பிழை என்று அறிவித்து, பயாஸ் அமைப்புகளை ஆதி நிலைக்குத் திருப்பிவிடும். அப்போது சாட்டா இணைப்பு முறை ஏஎச்சிஐ என்பதிலிருந்து ஐடிஇக்கோ, ஐடிஇயிலிருந்து ஏஎச்சிஐக்கோ மாறிவிட்டால், விண்டோஸ் 7 தொடங்கும்போது 7பி என்று முடியும் பிழை எண்ணோடு நீலத்திரை தோன்றும். விண்டோஸ் கெட்டுவிட்டது என்று ஃபார்மேட் செய்யப்படும் கணினிகளில் இவையும் அடங்கும். இங்கே செய்ய வேண்டியது சிறு வேலைதான்: பேட்டரியை மாற்றி, பயாஸில் தேதியைச் சரிசெய்து, சாட்டா முறையை மற்றொன்றுக்கு மாற்றிப் பார்ப்பது.

ஐந்தாம் படி: விண்டோஸை எழுப்புதல்

வன்பொருள் சீரான பிறகு பழைய டிஸ்க்கை மாட்டுங்கள். முடிந்தால் சாட்டா கேபிளைப் புதிதாக மாற்றிவிடுங்கள். விண்டோஸ் 7இல் சின்னம் தோன்றுவதற்கு முன் எஃப்8 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் ஒரு பட்டியல் வரும். அதில் ‘லாஸ்ட் நோன் குட் கான்ஃபிகரேஷன்’ என்பதை முதலிலும், ‘சேஃப் மோட்’ என்பதை அடுத்ததாகவும், ‘ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்’ வழியாக ஸ்டார்ட்டப் ரிப்பேரைக் கடைசியிலும் முயலுங்கள்.

எதுவும் பலிக்கவில்லை என்றால் பழைய டிஸ்க்கிலேயே விண்டோஸை மறுபடியும் நிறுவ வேண்டாம். சாட்டா துளை உள்ள கணினியாக இருந்தால், சுழலும் தகடு இல்லாத டிஸ்க் வகையான எஸ்எஸ்டியில் சிறியது ஒன்றை வாங்கி அதில் புதிதாக நிறுவிக்கொள்வதே நல்லது. கணினியின் வேகமும் கண்கூடாகக் கூடும். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும் மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டதால், இணையத்தில் பயன்படுத்தப்போகும் கணினிக்கு லினக்ஸ் மின்ட் பொருத்தமாக இருக்கும். அதற்குக் குறைந்தது 2 ஜிகாபைட் ராம் வேண்டும். பழைய டாலியை மட்டும் இயக்கப்போகிறீர்கள் என்றால் இணைய இணைப்பு கொடுக்காமல் விண்டோஸ் 7லேயே தொடரலாம்.

கழற்றிய பழைய டிஸ்க்கின் மேல் தேதியையும், அதில் இருப்பவை என்ன என்பதையும் எழுதி ஒட்டி, நிலைமின்சாரம் தடுக்கும் உறையில் இட்டு, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். படியெடுக்க மறந்த கோப்பு ஒன்று வருமான வரிக் கணக்கு முடிக்கும் வேளையில்தான் நினைவுக்கு வரும் ஆதலால், ஒரு நிதியாண்டாவது அதை அழிக்காமல் வைத்திருங்கள். அதன் பின் யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் முழு டிஸ்க்கையும் மேலெழுதி அழித்துவிட்டே கொடுங்கள்.